மொட்டைமாடிக் காற்றைக் கீழே இறக்கும் பருந்து

ஒரு ரகசியத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். இந்தப் பருந்து இறக்கை அடிக்காது. அதற்கு அடிக்கவே தெரியாது. முழு உடம்பிலும் மோட்டாரால் அசைவது வால் மட்டும்தான். அந்த மோட்டாரின் எடை ஒன்பதே கிராம். ஆனால் மும்பை கோவண்டியில் எங்கள் கட்டடத்துக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் நடுவே, முதல் மாடி உயரத்தில் அது தொங்குவதை அண்ணாந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "இறக்கைய எப்படி ஆட்டுறீங்க?" கேட்கட்டும், கேட்கட்டும். நமக்கு அதுதானே வேண்டும்!

முன்பக்கம் பார்த்தாயிற்று. பின்பக்கம் வாங்க. செருப்பைக் கழற்ற வேண்டாம், தரையெல்லாம் கம்பித் துண்டு.

சன்னல் கிரில்லுக்கு உள்பக்கம் ஒரு பழைய ஷூ டப்பா இருக்கிறது. மூடியைத் திறந்தால் உள்ளங்கை அளவில் ஒரு நீலப் பலகை, யாரோ தூக்கிப் போட்ட மொபைல் சார்ஜர், சிவப்பும் பழுப்பும் ஆரஞ்சுமாய் மூன்று மெல்லிய கம்பிகள். இவ்வளவுதானா என்று முகம் சுளிக்காதீர்கள். டப்பாவின் மூலையில் ஓட்டை போட்டு ஓர் இரட்டை ஒயர் வெளியே போகிறதல்லவா, அதன் பின்னாலேயே போங்கள். மழைநீர்க் குழாயை ஒட்டி இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி, யார் வீட்டுத் துணிக்கொடியையோ தாண்டி ஏழாம் மாடி, அப்புறம் மொட்டைமாடி. அங்கே தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் மூன்று அரைப்பந்துகள் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருக்கின்றன. சிறுவர்கள் விளையாடும் பிளாஸ்டிக் பந்துகளைக் குறுக்கே வெட்டி நானும் இங்குள்ள பிள்ளைகளுமாகச் செய்தவை.

மேலே காற்று வீசுகிறது. கீழே, காற்றே எட்டிப்பார்க்காத சந்தில், பருந்தின் வால் திரும்புகிறது. மொட்டைமாடிக் காற்றை ஒயரில் பிடித்துக் கீழே இறக்குகிறோம். அதுதான் எங்கள் கூத்து.

காற்று வராத சந்து

அசையும் சிற்பம் என்றாலே கலை உலகம் முதலில் சொல்லும் பெயர் அலெக்சாண்டர் கால்டர். அமெரிக்கர். கம்பியில் தகடுகளை எடை பார்த்துத் தொங்கவிட்டு, அறையில் யாராவது நடந்தாலே மெல்லத் திரும்பும்படி சிற்பங்கள் செய்தவர். அவற்றுக்கு 'மொபைல்' என்று 1931இல் பெயர் வைத்தவர் இன்னொரு குறும்புக்காரக் கலைஞர், மார்செல் துஷாம். 1955 ஜனவரியில் கீரா சாராபாயின் அழைப்பின் பேரில் கால்டர் அகமதாபாத் வந்து தங்கி, அங்கேயே சிற்பங்கள் செய்திருக்கிறார். தொடக்கத்தில் அவரும் மோட்டார் வைத்துப் பார்த்தவர்தான். பிறகு மோட்டாரை விட்டுவிட்டு, ஆட்டிவைக்கும் வேலையைக் காற்றிடமே கொடுத்துவிட்டார். மோட்டார் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும். காற்று அப்படிச் செய்யாது.

கால்டருக்குத் தோட்டம் இருந்தது. கோவண்டியில்?

சாலைக்காகவும் ரயில் பாதைக்காகவும் குடிசைகளை இழந்த மும்பைக்காரர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய வளாகங்கள் இந்தப் பக்கத்தில் பல உண்டு. நட்வர் பாரேக் காம்பவுண்ட், லல்லுபாய் காம்பவுண்ட் என்றால் ஆட்டோக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோய் விடுவார்கள். ஏழெட்டு மாடிக் கட்டடங்கள். இரண்டுக்கும் நடுவே பல இடங்களில் மூன்று மீட்டர் தூரம்தான். டாக்டர்ஸ் ஃபார் யூ என்ற அமைப்பு இப்படிப்பட்ட வளாகங்களில் ஆய்வு நடத்தி 2018இல் வெளியான அறிக்கையில், கீழ்த்தளங்களுக்கு வெயிலும் காற்றும் போய்ச் சேராததற்கும் அங்கே காசநோய் இவ்வளவு பரவுவதற்கும் உள்ள தொடர்பைச் சுட்டிக்காட்டியது. இங்கே கால்டர் மொபைல் ஒன்றைக் கொண்டுவந்து தொங்கவிட்டால், தீபாவளிக்குத் தொங்கவிட்டது பொங்கலுக்கும் அதே திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆகவே கால்டர் கைவிட்ட மோட்டாரை நாங்கள் கையில் எடுத்தோம், ஒரு நிபந்தனையுடன். அது காற்றிடம் கேட்டுக்கொண்டுதான் அசைய வேண்டும்.

இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பாதி கோவண்டியிலிருந்தே. 2023 பிப்ரவரியில் நட்வர் பாரேக் காம்பவுண்டில் கோவண்டி கலைவிழா நடந்தது. கம்யூனிட்டி டிசைன் ஏஜென்சியும் பிரிட்டனின் லாம்ப்லைட்டர் ஆர்ட்ஸும் கைகோத்த விழா. வளாகத்துப் பிள்ளைகள் நாடகம் போட்டார்கள், ராப் பாடினார்கள், படம் எடுத்தார்கள், சுவரில் வரைந்தார்கள். விளக்கு ஊர்வலமும் உண்டு. பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்த விளக்குகளைத் தூக்கிக்கொண்டு தங்கள் தெருவிலேயே போனார்கள். கோவண்டி என்றால் தேவனார் குப்பைமேடு என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்தவர்கள் அன்றைக்கு வேறு ஏதோ எழுத வேண்டியதாயிற்று.

மீதிப் பாதித் தைரியம் விநாயகர் சதுர்த்தி கொடுத்தது. மராட்டியர்களின் கணபதி மண்டல்களில் 'ஹல்தே தேகாவே' என்று ஒரு சமாச்சாரம் உண்டு. அசையும் காட்சிகள். பொம்மை ராட்சசன் வாயைத் திறப்பான், பொம்மை ராஜா கத்தியை ஓங்குவார், பின்னால் ஒரு மோட்டார் கடகடவென்று சத்தம் போடும். எங்கள் பிள்ளைகளுக்குக் கைனெடிக் ஆர்ட், அதாவது அசையும் கலை, என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. திரைக்குப் பின்னால் புகுந்து மோட்டாரைப் பார்த்துத் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள் அவர்கள்.

ஓவியர்களுக்காகப் பிறந்த பலகை

சரி, அந்த நீலப் பலகைக்கு வருவோம். பெயர் ஆர்டுவினோ ஊனோ. மைக்ரோகன்ட்ரோலர் என்ற வார்த்தையைக் கேட்டதும் "நமக்கு எலெக்ட்ரானிக்ஸ் தெரியாதே" என்று நழுவுகிறவர்களை நான் கையைப் பிடித்து உட்காரவைத்து ஒரு கதை சொல்வேன். இந்தப் பலகையே எலெக்ட்ரானிக்ஸ் தெரியாதவர்களுக்காகச் செய்யப்பட்டதுதான்!

இத்தாலியில் இவ்ரியா என்ற சின்ன ஊர். அங்கே ஒரு வடிவமைப்புக் கல்லூரி. வடிவமைப்பு மாணவர்கள் தங்கள் யோசனைகளை அசைய வைக்க, ஒளிர வைக்க, சத்தம் போட வைக்க மலிவாகவும் எளிதாகவும் ஒன்று வேண்டுமென்று மாசிமோ பான்சியும் நண்பர்களும் 2005இல் இதைக் கொண்டுவந்தார்கள். எர்னாண்டோ பராகான் என்ற மாணவர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே செய்த 'வயரிங்' திட்டம் இதற்கு முன்னோடி. பெயர் மட்டும் எங்கிருந்து வந்ததென்று நினைக்கிறீர்கள்? அவர்கள் மாலையில் போய் உட்காரும் மதுக்கடையின் பெயர் அது. ஆயிரம் வருஷத்துக்கு முன் 1002இல் இத்தாலிக்கு ராஜாவான ஆர்டுவினின் பெயரைக் கடை வைத்துக்கொண்டது. கடையின் பெயரைப் பலகை வைத்துக்கொண்டது.

அதன் நடுவே உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பூரான், அதாவது சிப், ஏடிமெகா 328. நொடிக்கு 1.6 கோடி முறை துடிக்கும். ஆனால் நாம் எழுதும் நிரலை வைத்துக்கொள்ள அதனிடம் இருக்கும் இடம் 32 கிலோபைட். பெரியப்பா காலையில் குடும்ப வாட்ஸ்அப்பில் அனுப்பும் 'குட் மார்னிங்' ரோஜாப்பூ இதற்குள் நுழையாது. எங்கள் பருந்து தாராளமாக நுழைந்துவிட்டது.

வடிவமைப்பை ஒளித்துவைக்காமல் எல்லாருக்கும் திறந்துவிட்டதால், யார் வேண்டுமானாலும் இதைச் செய்து விற்கலாம். அதனால்தான் சந்தையில் நகல் பலகைகள் குவிந்துகிடக்கின்றன. நகலை வாங்குவதில் பாவமில்லை. கம்ப்யூட்டரில் சொருகியதும் பலகை கண்ணில் படாவிட்டால் மட்டும் பதறாதீர்கள். பெரும்பாலும் சிஎச் 340 என்ற சிப்புக்கான டிரைவரைப் போட்டால் தீர்ந்துவிடும். கம்ப்யூட்டரே இல்லையா? ஆண்ட்ராய்டு போனில் ஆர்டுவினோடிராய்டு செயலியை இறக்கி, ஓடிஜி கேபிளால் பலகையைச் சொருகிவிடலாம். எங்கள் பருந்துக்கு அப்படித்தான் மூளை ஏறியது. பலகையும் இல்லையென்றால், டிங்கர்கேட் இணையதளத்தில் பலகை, மோட்டார் எல்லாவற்றையும் திரையிலேயே இணைத்து ஓட்டிப் பார்க்கலாம். காசு கிடையாது.

லாமிங்டன் ரோடும் பங்கார் கடையும்

சாமான் வாங்கும் படலம்தான் கதையிலேயே குஷியான இடம். கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் லாமிங்டன் ரோடு. தெருப்பலகையில் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று போட்டிருக்கும்; அந்தப் பெயரைச் சொல்லி யாரையும் வழி கேட்காதீர்கள். இங்கே எலெக்ட்ரானிக்ஸ் கடைக்காரர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கித்னா ஓம்?" என்று கேட்பார்கள். ரெசிஸ்டர் வேண்டுமென்று வாயைத் திறந்தால் எத்தனை ஓம் என்று தெரிந்திருக்க வேண்டும். கூட வந்த ஒன்பதாம் வகுப்புப் பெண், "ஏக் கிலோஓம், தஸ் பீஸ்" என்று அலட்சியமாகச் சொன்னாள் பாருங்கள், கடைக்காரர் அப்போதுதான் தலையைத் தூக்கினார்.

அங்கே வாங்கியது ஊனோ பலகை, எஸ்ஜி 90 சர்வோ மோட்டார், 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, ரெசிஸ்டர்கள், ஒயர். மற்றதெல்லாம் எங்கள் பக்கத்துப் பங்கார் கடையில். பழைய இரும்பு, பிளாஸ்டிக், டிவி, மிக்ஸி எல்லாம் கடைசியாக வந்து சேரும் இடம். ஒரு செத்துப்போன டிவிடி பிளேயரைக் கழற்றி, தட்டை வெளியே தள்ளும் குட்டி மோட்டாரைப் பிடுங்கினோம். மின்சாரம் கொடுத்தால் சுற்றும் மோட்டாரை நாம் சுற்றிவிட்டால் அது மின்சாரம் கொடுக்கும். மொட்டைமாடியில் அரைப்பந்துகளுக்கு நடுவே இருப்பது அதுதான்.

அரைப்பந்துகளும் எங்கள் மூளையில் உதித்தவை அல்ல. காற்றின் வேகத்தை அளக்க நான்கு கிண்ணச் சக்கரத்தை 1846இல் அமைத்தவர் அயர்லாந்து வானியலாளர் ராபின்சன். மூன்று கிண்ணமே போதுமென்று 1926இல் காட்டியவர் கனடாவின் ஜான் பேட்டர்சன். காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் கிண்ணத்தின் குழிவான பக்கம்தான் அதிகம் தள்ளப்படும்; அதனால் சக்கரம் எப்போதும் ஒரே பக்கமாகச் சுற்றும். இது எங்களுக்குப் பெரிய வசதி. மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றி மைனஸ் மின்னழுத்தம் வருமோ என்ற கவலை கிடையாது. பலகையில் எண் ஏறவே இல்லையென்றால் இரண்டு கம்பிகளையும் மாற்றிச் சொருகினால் போதும். பலகையின் காலுக்கு முன்னால் அந்த ஒரு கிலோஓம் ரெசிஸ்டர், காவலுக்கு.

அடுத்து, இறக்கை. கெட்டியாக இருக்க வேண்டும், எடையே இருக்கக் கூடாது, வெளிச்சம் பட்டால் கொஞ்சம் ஊடுருவ வேண்டும். அட்டை மழைக்காலத்தில் தொங்கிப்போகும். தெர்மோகோல் அழகில்லை. விடை எங்கள் வீட்டுப் பீரோக்களின் மேலேயே இருந்தது: பழைய எக்ஸ்ரே ஃபிலிம். கோவண்டியில் நெஞ்சு எக்ஸ்ரேவுக்குப் பஞ்சமே இல்லை. ஏனென்று மேலே சொல்லிவிட்டேன். ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டோம். பெயரும் தேதியும் இருக்கும் மூலையை முதலில் வெட்டிக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. விலா எலும்புகள் வரிசையாக ஓடும் இடம் இறக்கையில் வரும்படி ஃபிலிமைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார்கள் பிள்ளைகள். மத்தியானம் மேலிருந்து கொஞ்சம் வெளிச்சம் இறங்கும்போது கீழே நின்று பார்த்தால், எலும்பு எலும்பாகத் தெரிவது இறகு இறகாகத் தெரியும். முதுகுத்தண்டுக்குத் தென்னை ஈர்க்குச்சி. தொங்கவிட மீன்பிடி நரம்பு.

மோட்டாரின் வயிற்றுக்குள்

வாலை அசைக்கும் சர்வோவைத் திறந்து காட்டச் சொன்னார்கள் பிள்ளைகள். திறந்தோம். நான்கு குட்டித் திருகாணிகளைக் கழற்றினால் உள்ளே வெள்ளைப் பற்சக்கரங்கள், ஒரு மோட்டார், நகக்கண் அளவு சர்க்யூட், ரேடியோவில் வால்யூம் கூட்டிக் குறைக்கும் திருகுக்குள் இருக்கும் அதே பொட்டன்ஷியோமீட்டர். சாதா மோட்டாருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது, சுற்றிக்கொண்டே இருக்கும். சர்வோவுக்குத் தெரியும். அந்தப் பொட்டன்ஷியோமீட்டர்தான் அதற்குத் தன் இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நாம் சொல்ல வேண்டியது எங்கே போக வேண்டும் என்பதை மட்டும். எப்படிச் சொல்வது? ஆரஞ்சுக் கம்பியில் ஒவ்வொரு 20 மில்லிசெகண்டுக்கும் ஒருமுறை ஒரு சின்னத் துடிப்பு. துடிப்பு 1 மில்லிசெகண்ட் நீடித்தால் ஒரு பக்கம், 1.5 என்றால் நடு, 2 என்றால் மறுபக்கம். துடிப்பின் நீளம்தான் செய்தி. பலகை நொடிக்கு 50 முறை "இங்கே நில், இங்கே நில்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது, மோட்டார் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

கம்பி விஷயத்தில் ஆரம்பக்காரர்கள் எல்லாரும் ஒரு பேயைச் சந்திப்பார்கள். சர்வோ நடுநடுங்கும், பலகை தானாக அணைந்து அணைந்து எரியும், நிரலில் ஒரு பிழையும் இருக்காது. பேய் மின்சாரத்தில் இருக்கிறது. சர்வோ முக்கும்போது அரை ஆம்பியருக்கு மேலேயே இழுக்கும். பலகைக்கு மூச்சு முட்டும். சர்வோவுக்குத் தனியாக 5 வோல்ட் மொபைல் சார்ஜர் கொடுங்கள். அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே கெப்பாசிட்டரைப் போடுங்கள், பிளஸ் மைனஸ் பார்த்து. சார்ஜரின் கிரவுண்டையும் பலகையின் கிரவுண்டையும் சேர்த்துக் கட்டுங்கள். சேர்க்காவிட்டால் துடிப்பை எதிலிருந்து அளப்பதென்று மோட்டாருக்குத் தெரியாது. பேய் ஓடிவிடும்.

பத்தா, முப்பதா?

இப்போது நிரல். இங்கேதான் எங்கள் வீட்டில் கைகலப்பு நடந்தது.

முதலில் சுலபமான வேலை. மேலிருந்து வரும் மின்னழுத்தத்தைப் பலகை படிக்கிறது. வழக்கமாக 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரித்துப் பார்க்கும். எங்கள் டிவிடி மோட்டார் கொடுப்பதோ மிகக் கொஞ்சம். எனவே அளவுகோலை 1.1 வோல்ட்டுக்கு மாற்றச் சொல்லிவிட்டோம். படிக்குக் கிட்டத்தட்ட 1 மில்லிவோல்ட். லேசான காற்றும் எண்ணாக ஏறும். ஏழு மாடி ஒயரில் இரைச்சல் கலக்கும் என்பதால் பத்து முறை படித்துச் சராசரி. அந்த எண்ணை வாலின் கோணமாக மாற்ற வேண்டும். காற்று இல்லையென்றால் 60 டிகிரி, பலத்த காற்றென்றால் 120.

ஓட்டினோம். காற்று வந்தது. வால் 'டக்'கென்று திரும்பியது. காற்று நின்றது. 'டக்'. மறுபடி 'டக்'.

"இது பருந்து இல்ல அக்கா, டிராஃபிக் போலீஸ்" என்றான் பக்கத்துச் சீத்தா கேம்ப்பிலிருந்து வரும் பையன்.

அவன் சொன்னது சரி. எஸ்ஜி 90 அறுபது டிகிரியைத் தாண்ட ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குதான் எடுக்கும். உயிருள்ள எதுவும் அப்படித் திரும்பாது. இதற்கு ஒரே ஒரு வரி வைத்தியம் இருக்கிறது, அசையும் கலை செய்கிற ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் இருக்கும் வரி: போக வேண்டிய இடத்துக்கு ஒரே தாவாகத் தாவாதே, மிச்சமிருக்கும் தூரத்தில் ஒரு பங்கை மட்டும் நகரு, மறுபடி அளந்து பார், மறுபடி ஒரு பங்கு.

பத்தில் ஒரு பங்கு என்று வையுங்கள். அறுபது டிகிரி போக வேண்டும். முதல் தப்படி 6 டிகிரி. அடுத்தது 5.4. அடுத்தது 4.86. கிளம்பும்போது வேகம், நெருங்க நெருங்கத் தயக்கம். 20 மில்லிசெகண்டுக்கு ஒரு தப்படி என்றால் ஒரு நொடியில் 50 தப்படி. முடிவில் அரை டிகிரிகூட மிச்சமிருக்காது. முப்பதில் ஒரு பங்கு என்று மாற்றினால் அதே ஒரு நொடிக்குப் பிறகும் 11 டிகிரி பாக்கி. வால் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும்.

பத்தை வைத்து ஓட்டினோம். முப்பதை வைத்து ஓட்டினோம். அறையே இரண்டாகப் பிளந்தது.

"முப்பதுதான் பருந்து. பத்து வெச்சா புறா."

"முப்பது வெச்சா தூங்குது!"

"பருந்து தூங்குற மாதிரிதான் பறக்கும். போய் தேவனார்ல பாரு."

பார்க்கப் போனார்கள், நிஜமாகவே. தேவனார் குப்பைமேடு 1927 முதல் மும்பையின் குப்பையை வாங்கிக்கொண்டிருக்கிறது, பக்கத்திலேயே இறைச்சிக்கூடம். கரும்பருந்துகளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து சொன்னது இது: இறக்கை விரித்தது விரித்தபடி இருக்கிறது, பிளவுபட்ட வால் மட்டும் மெதுவாகச் சாய்கிறது, சாய்ந்ததும் உடம்பு திரும்புகிறது. வால்தான் சுக்கான். முப்பது ஜெயித்தது. நாங்கள் வாலுக்கு மட்டும் மோட்டார் வைத்ததும் பறவையியல்படியே சரியாகிப்போனது.

முப்பதில் இன்னொரு சில்லறைத் தொல்லை: இவ்வளவு மெதுவாகப் போகும்போது டிகிரி டிகிரியாகத் தாவுவது கண்ணுக்குத் தெரிந்தது. கோணத்தை டிகிரியில் சொல்லாமல், துடிப்பின் நீளத்தை மைக்ரோசெகண்டில் சொன்னதும் வழுவழுவென்று ஆயிற்று.

இறக்கை ரகசியத்துக்கு இப்போது வரலாம். பருந்து இரண்டு நரம்பில் தொங்குகிறது. வால் ஒரு பக்கம் முறுக்கினால் உடம்பு எதிர்ப்பக்கம் கொஞ்சம் சாயும். சாய்ந்தது தன் எடையால் திரும்பி வரும், கொஞ்சம் தாண்டிப் போகும், மறுபடி வரும். ஃபிலிம் மெல்லியது என்பதால் இறக்கை நுனிகள் அதற்குப் பின்னால் தாமதமாக அசையும். நிரல் எழுதியது வாலுக்கு. இறக்கையை ஆட்டுவது பூமியின் ஈர்ப்பு, இலவசமாக.

"பந்த் ஹோ கயா க்யா?"

தொங்கவிட்ட புதிதில் சொசைட்டி செக்ரெட்டரி காலையில் வந்து நின்றார். பருந்து அசையவில்லை. "பந்த் ஹோ கயா க்யா?" நின்னுபோச்சா என்கிறார். நிற்கவில்லை. மும்பையில் குளிர்காலக் காலை பல நாள் அப்படித்தான், மாடியிலும் இலை அசையாது. புகை அப்படியே தங்கி நிற்கும். நிலம் சூடேறி, கடல் பக்கமிருந்து காற்று கிளம்புவது பகலில்தான். பள்ளி விட்டுப் பிள்ளைகள் வரும் நேரம் பருந்து சாய ஆரம்பிக்கும்.

காலையில் சும்மா இருக்கிறதே, நிரலில் கொஞ்சம் ராண்டம் எண்ணைக் கலந்துவிட்டால் எப்போதும் ஆடுமே என்று நானே ஆசை காட்டினேன். பலகைக்கு அது தெரியும், ஒரு வரி வேலை. பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. "காத்து இல்லன்னா அது சும்மா இருக்கட்டும் அக்கா. பொய்க்கு ஆடக் கூடாது." சும்மா இருப்பதால்தான், அது சாயும்போது சந்தில் நடப்பவர்கள் நின்று பார்க்கிறார்கள். எப்போதும் ஆடும் கடைப் பொம்மையை யார் நின்று பார்க்கிறார்கள்? அசையாமல் இருக்க ஒரு மோட்டாருக்குக் கற்றுக்கொடுத்ததுதான் எங்கள் நிரலிலேயே கடினமான பகுதி, எழுதுவதற்கு அல்ல, சம்மதிப்பதற்கு.

செக்ரெட்டரியின் அடுத்த கேள்வி மின்கட்டணம். கணக்குப் போட்டுக் கொடுத்தோம்: எல்லாம் சேர்ந்து சராசரியாக அரை வாட், மாதம் முழுக்க ஓடினாலும் அரை யூனிட் வராது. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பெரிய இடத்துத் திரைமறைவு

இதே ஷூ டப்பாவைப் பெரிதாக்கினால் என்ன ஆகும்? டேனியல் ரோசின் 1999இல் 'மரக்கண்ணாடி' செய்தார். 830 மரத்துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சர்வோ. கேமரா உங்களைப் பார்க்கிறது. துண்டுகள் வெளிச்சத்தை நோக்கியும் விலகியும் சாய்ந்து உங்கள் முகத்தை மரத்தில் வரைகின்றன. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தின் முதல் முனையத்தில் 2012இல் வைத்த 'கைனெடிக் ரெயின்' இன்னும் பெரிது: தாமிரம் பூசிய 1,216 அலுமினியத் துளிகள், ஒவ்வொன்றும் கூரைக்குள் ஒளிந்த மோட்டாரிலிருந்து இறங்கும் கம்பியில். அத்தனை துளியும் சேர்ந்து அலையாக எழும்பும், பட்டமாகும், விமானமாகும்.

எனக்குப் பிடித்தவர் என்னவோ ஷான் டாங்கெலி. நியூஜெர்சிக் குப்பைமேட்டில் பொறுக்கிய சாமான்களைக் கொண்டு, பில்லி க்ளூவர் என்ற பொறியாளரின் துணையோடு ஒரு மாபெரும் இயந்திரம் கட்டி, 1960 மார்ச் 17 அன்று நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத் தோட்டத்தில் ஓடவிட்டார். தன்னைத் தானே அழித்துக்கொள்வதுதான் அந்த இயந்திரத்தின் வேலை. தீ பிடித்தது, தீயணைப்பு வீரர்கள் உள்ளே புகுந்தார்கள். இந்தக் கதையைச் சொன்னபோது பிள்ளைகளின் கண்ணில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்து, சார்ஜரை அன்றிரவு நானே கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டேன்.

நீங்கள் தொடங்குவதானால்

ஆரம்பிக்கிறவர்களுக்கு என் பரிந்துரை எளிது. ஒரு பலகை, ஒரு சர்வோ, ஓர் அட்டைத்துண்டு. காற்றுச் சக்கரம் அப்புறம் பார்க்கலாம். முதலில் அட்டையைச் சர்வோவில் ஒட்டி, 60இலிருந்து 120க்கு ஒரே தாவாகப் போகவிடுங்கள். பிறகு பங்கு போட்டு நகரவிடுங்கள். ஐந்து, பத்து, முப்பது என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். ஓர் எண்ணில் உங்கள் அட்டைக்கு உயிர் வந்துவிடும். எந்த எண் என்று வீட்டில் சண்டை வரும். சண்டை வந்தால் வேலை சரியாக நடக்கிறது என்று அர்த்தம்.

உணர்கருவி வேண்டுமென்றால் வெளிச்சத்தை அறியும் எல்டிஆரிலிருந்து தொடங்குங்கள்; மலிவு, கெடாது. மாடியில் வைப்பதென்றால் மழைக்கு வழி பாருங்கள். மும்பையில் நல்ல காற்றும் மழையும் ஜூனில் ஒன்றாகத்தான் வரும், ஒன்றை மட்டும் கேட்டு வாங்க முடியாது. நாங்கள் மோட்டாரின் தலைக்கு மேல் தண்ணீர் பாட்டிலின் மேல்பாதியைக் குடையாகக் கவிழ்த்திருக்கிறோம்.

ஐந்தாம் மாடி அத்தைக்கு இந்தக் கைனெடிக் ஆர்ட் சங்கதியில் எல்லாம் பெரிய நாட்டமில்லை. ஆனால் வற்றல் தாம்பாளத்தோடு மாடிப்படி ஏறுவதற்கு முன் சன்னல் வழியே குனிந்து கீழே ஒரு பார்வை பார்க்கிறார். "வால் இந்தப் பக்கமா சாஞ்சிருக்கா? அப்ப மேல காத்து ஜாஸ்தி, எல்லாம் பறந்துரும். நாளைக்குக் காயப்போடுறேன்." சந்தில் நின்றபடியே மொட்டைமாடியின் சேதி தெரிகிறது என்று சொன்னது அத்தைதான், நாங்கள் அழகு என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் அதே சூட்டில் அடுத்த பருந்துக்குத் திட்டம் போட்டுவிட்டார்கள். இது காற்றின் வேகத்தைச் சொல்கிறது, அது திசையைச் சொல்லும், பக்கத்துச் சந்தில் தொங்கும். சர்வோ வாங்கியாயிற்று. ஃபிலிம்தான் குறைகிறது. உங்கள் வீட்டுப் பீரோ மேல் பழைய எக்ஸ்ரே ஏதாவது கிடந்தால், பெயர் இருக்கும் மூலையை வெட்டிவிட்டுக் கொடுத்தனுப்புங்கள்.